வீட்டுக் கணினியைப் பேணலும் காப்புப் பிரதி எடுத்தலும்

இம்மலருக்கென நாம் திரட்டிய பழைய மாணவர் பெயர்ப்பட்டியல் ஒரு முறை அழிந்து அரைகுறையாகப் பிழைத்ததொன்றாகும். பெயரும், கற்ற ஆண்டுகளும், இப்பொழுது வாழும் ஊரும் அடங்கிய அப்பட்டியலை ஈராண்டாக முயன்று தொகுத்து, குழு உறுப்பினர் ஒருவரின் வீட்டுக் கணினியிற் பதிந்து வைத்திருந்தோம். கணினி நாளுக்கு நாள் மந்தமாயிற்று. அவ்வன்பர், கணினியைத் துப்புரவாக்கி விரைவூட்டும் என்னும் விளம்பரத்தை நம்பி மென்பொருளொன்றை நிறுவினார். அது எண்ணூறுக்கு மேற்பட்ட பிழைகளைக் கண்டுவிட்டதாகச் செந்நிறத்திற் காட்டிப் பணங் கட்டினால் யாவும் நீங்கும் என்றது. பணமுங் கட்டினார். மூன்றாம் வாரம் வன்தட்டு 'டிக் டிக்' என ஒலித்து ஓய்ந்தது. மந்தத்துக்குக் காரணம் அத்தட்டின் தேய்வே என்பதைப் பின்னரே அறிந்தோம். பட்டியலின் பழைய வடிவமொன்றை ரொறன்ரோவில் வாழும் பழைய மாணவரொருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தமையாற் பெரும்பகுதி கிடைத்தது. அதன் பின்னர்ச் சேர்த்த ஏழு மாத உழைப்புக் கிடைக்கவில்லை.

இவ்வனுபவம் எமக்கு உணர்த்தியது யாதெனின், கணினியைப் பேணுதல் வேறு, கணினியில் உள்ளதைப் பேணுதல் வேறு என்பதாம். முன்னையதற்குப் பெரும்பாலும் எந்தப் புதிய மென்பொருளும் வேண்டியதில்லை. பின்னையதற்குக் கட்டாயம் வேண்டும். நம்மவரோ இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். வீடுகளிற் பெரும்பாலும் விண்டோஸ் பணிசெயல் முறைமையே வழங்குதலின் அதனையே முதன்மையாகக் கொண்டு எழுதுகின்றோம்.

விரைவூட்டும் மென்பொருள்கள் பெரிதும் பேசுவது ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேட்டைப் பற்றியாகும். விண்டோசும் அதன்கண் நிறுவப்பட்ட மென்பொருள்களும் தத்தம் அமைப்புக் குறிப்புகளை எழுதி வைக்கும் இடம் அது. அதில் இலட்சக்கணக்கான பதிவுகள் உள. நீக்கப்பட்ட மென்பொருளொன்றின் சில நூறு பதிவுகள் அங்கே எஞ்சிக் கிடப்பதாற் கணினியின் வேகம் குன்றுவதில்லை. வேண்டிய பதிவொன்று தவறி நீக்கப்பட்டாலோ ஒரு மென்பொருள் முடங்கலாம். சில வேளை விண்டோசே எழும்பாது போகலாம். மைக்ரோசொப்ட் நிறுவனமும் இத்தகைய பதிவேட்டுத் துப்புரவுக் கருவிகளைத் தாம் ஆதரிப்பதில்லை என வெளிப்படையாகவே கூறியுள்ளது. கருவி நற்பெயர் பெற்றதாயினும் அச்சம் முற்றாக நீங்குவதில்லை. சீகிளீனர் என்னும் புகழ்பெற்ற துப்புரவுக் கருவியின் 5.33ஆம் பதிப்பு 2017ஆம் ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்தபொழுது, அயலார் புகுத்திய நச்சு நிரலும் அதனுடன் சேர்ந்தே வந்தது. மறு மாதம் அஃது அறியப்படுமுன் ஏறத்தாழ 22 இலட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் அப்பதிப்பு இடம்பெற்றுவிட்டது. வீட்டைக் கூட்ட வந்தவருடன் கள்வனும் உள்ளே வந்த கதை.

குப்பைக் கோப்புகளை அகற்ற விண்டோசிலேயே ஸ்டோரேஜ் சென்ஸ் என்னும் வசதி உண்டு. சிதறிய கோப்புத் துண்டுகளை ஒழுங்காக்கும் கருவியும் உள்ளேயே உண்டு. இதனைப் பற்றிச் சிறிது விளக்குதல் தகும். பழைய வகை வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்வது. அதன்மேல் வாசிக்குந் தலை அங்குமிங்கும் அசையும். கோப்பொன்று பல துண்டுகளாகச் சிதறிக் கிடப்பின் தலை அலைந்து காலம் போக்கும். ஆதலின் துண்டுகளை அடுத்தடுத்து வைப்பது பயன் தந்தது. இக்காலத்து எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டில் சுழல்வதும் இல்லை, அசையுந் தலையும் இல்லை. அங்கே துண்டுகளை ஓயாது இடம் மாற்றுவது வீண் எழுத்து வேலையேயாம். ஒவ்வொரு நினைவகக் கலமும் குறித்த அளவு தடவையே எழுதப்படத் தக்கதாகலின், அது வட்டின் ஆயுளையுங் குறைக்கும். விண்டோஸ் தன்னிடமுள்ள வட்டு எவ்வகையினதென்று தானே அறிந்து, சுழல் தட்டாயின் ஒழுங்காக்கியும், திண்மநிலை வட்டாயின் டிரிம் என்னுங் கட்டளையை அனுப்பியும் வாரந்தோறும் அவ்வேலையைச் செய்துவிடுகின்றது. இதற்கெனத் தனிக் கருவி வாங்குவோர் தம் பணத்தையே சிதற விடுகின்றனர்.

நச்சு நிரற் காவலுக்கு விண்டோசுடன் வரும் டிபெண்டர் வீட்டுக்குப் போதியது. ஆயின் முறைமையே பழையதாயிற்றெனிற் காவலன் என் செய்வான்? விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. அதனை இன்னும் வைத்திருப்போர், கணினி ஏற்குமாயின் 11ஆம் பதிப்புக்கு மாறுக. ஏற்காதாயின் லினக்ஸ் மின்ற் போன்ற இலவச முறைமையொன்றை நாடுக.

பராமரிப்புக் கருவி ஒன்றையேனும் நிறுவுக என்று எம்மை எவரேனும் வற்புறுத்தின், தட்டின் நலத்தைக் காட்டுங் கருவியையே சொல்வோம். ஒவ்வொரு தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும். ஸ்மார்ட் என்பது அக்குறிப்பின் பெயர். கிறிஸ்டல்டிஸ்க்இன்போ என்னும் ஜப்பானிய இலவச மென்பொருள் அதனை எடுத்துக் காட்டும். பழுதுற்று மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை ஏறுவதைக் கண்டால், அன்றே பிரதி எடுத்துவிட்டுத் தட்டை மாற்றுதல் வேண்டும். எம் அன்பர் துப்புரவுக் கருவிக்குப் பதிலாக இதனை நிறுவியிருப்பின் பட்டியல் ஒருவேளை தப்பியிருக்கும். ஒருவேளை என்றே சொல்கின்றோம். 2007இல் கூகுள் நிறுவனத்து ஆய்வாளர் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்தபொழுது, பழுதுற்றவற்றுள் நூற்றுக்கு 56க்கு மேற்பட்டவை முதன்மையான நான்கு அறிகுறிகளுள் ஒன்றையேனும் முன்னர்க் காட்டவில்லை எனக் கண்டனர். சாதகம் பார்த்துச் சாவைத் தடுக்க இயலாது. பிரதி ஒன்றே துணை.

இனிப் பிரதிக்கு வருவோம். நம் நாட்டிற் கணினியை விற்போர் பெரும்பாலும் ஒரே வட்டைச் சீ எனவும் டீ எனவும் இரு பிரிவாக்கிக் கொடுக்கின்றனர். சீயில் உள்ளதை டீயிற் பிரதி செய்துவிட்டு, காப்புப் பிரதி வைத்திருக்கின்றோம் என நிம்மதியாக உறங்குவோர் பலர். ஒரே அலுமாரியின் மேற்றட்டில் ஒன்றும் கீழ்த்தட்டில் ஒன்றும் வைத்தாற்போன்றது இது. அலுமாரி எரிந்தால் இரண்டும் எரியும். விண்டோஸ் முறைமை கெடும்பொழுது மட்டும் டீப் பிரிவு உதவும். வட்டே மடியும்பொழுது உதவாது.

பென் டிரைவைப் பலர் நம்புகின்றனர். அதில் தகவல் மின்னேற்றமாக நிற்பது; ஆண்டுக்கணக்கில் மேசை லாச்சியுட் கிடந்தால் அவ்வேற்றம் கசிந்து போகக்கூடும். கொண்டு செல்வதற்கு அது நன்று. வைத்துப் பேணுவதற்கு அன்று.

வன்ரைவ், கூகுள் டிரைவ் முதலியனவற்றை நம்புவோருக்கும் ஒரு சொல். அவை ஒத்திசைவுப் பணிகள். கணினியில் நிகழ்வதை அங்கேயும் நிகழ்த்துவன. ஈண்டு நீர் கோப்பை அழித்தால் ஆண்டும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் வைத்திருப்பர் என்பது உண்மையே. ஆயின் அழிந்ததை நாம் அறிவது பெரும்பாலும் 31ஆம் நாளுக்குப் பின்னரன்றோ? ஆகவே பிரதிக் கருவியொன்றைத் தெரியுங்கால் முதலிற் கேட்க வேண்டிய வினா, அது பழைய வடிவங்களை வைத்திருக்குமா என்பதாம். விண்டோசில் உள்ள பைல் ஹிஸ்டரி அவ்வாறு வைத்திருக்கும். வெளித்தட்டொன்றை இணைத்துவிட்டால் மணிக்கொரு முறை மாறிய கோப்புகளைத் தனியே எடுத்து வைக்கும். அதிலும் ஒரு குறையுண்டு. ஆவணங்கள், படங்கள், மேசைமுகப்பு முதலிய வழக்கமான கோப்புறைகளையே அது தானாகக் கவனிக்கும். டீப் பிரிவிற் கோப்புகளை இட்டுப் பழகிய நம்மவர் அக்கோப்புறைகளையும் தாமே சேர்த்துக்கொள்ளாவிடின், தட்டில் ஒன்றும் இராது. மக் கணினி உடையார்க்கு 2007 முதல் டைம் மெஷின் என்னும் வசதி உள்ளேயே அமைந்துள்ளது; அவர் வேறெதையும் தேட வேண்டா. லினக்ஸ் மின்றில் உள்ள டைம்ஷிப்ட் முறைமையைக் காப்பதன்றி, மாற்றி அமைத்தாலன்றி உமது கோப்புகளைக் காப்பதில்லை என்பதை மறவற்க.

இரண்டாவது வினா, அக்கருவி இல்லாமற் போனாலும் பிரதியைத் திறக்க இயலுமா என்பது. இதனை நாம் பெரிதாக மதிக்கின்றோம். மென்பொருள்களும் மனிதரைப்போல் ஓய்வு பெறுகின்றன. கிராஷ்பிளான் நிறுவனம் வீட்டாருக்கான தன் பணியை 2018 ஒக்டோபரில் மூடிற்று. பலர் பயன்படுத்திய மக்ரியம் ரிபிளெக்ற் மென்பொருளின் இலவசப் பதிப்பு 2024 சனவரி 1ஆந் திகதி ஓய்வு பெற்றது. டியூப்பிளிக்காற்றி போன்றவை கோப்புகளைத் துண்டாக்கி, சுருக்கி, கடவுச்சொல்லாற் பூட்டி வைப்பன. அவை இடத்தைச் சேமிக்கும். அயலார் கண்ணினின்றுங் காக்கும். கடவுச்சொல்லை அறிந்தவர் ஒருவரே, அவரும் காலமாயினாரெனின், பிள்ளைகள் கையிற் பூட்டிய பெட்டியே மிஞ்சும். குடும்பப் படங்களுக்கும் உறுதிகளின் பிரதிகளுக்கும், கோப்பைக் கோப்பாகவே வைக்கும் பிரீபைல்சிங்க் போன்ற எளிய கருவி எமக்கு உவப்பானது. அதில் மாறிய, அழிந்த கோப்புகளை வேறு கோப்புறையில் ஒதுக்கி வைக்கும் ஏற்பாட்டைத் தெரிந்துகொள்க. வெறுங் கண்ணாடிப் பிரதியாக அமைத்துவிட்டால், மூலம் வெறுமையாகிய நாளிற் பிரதியும் வெறுமையாகும்.

பிரதி எங்கே இருத்தல் வேண்டும்? பீற்றர் குரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய விதியொன்று உண்டு: மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில். வேறிடத்தின் அருமையை யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. 1981இற் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கேனும் படியுள்ளவை பின்னர் வாங்கப்பட்டன. ஒரே படியாய் இருந்த ஏடுகள் திரும்பவில்லை.

வேறிடம் என்பதுடன், தொடுப்பு நீக்கியது என்பதையுஞ் சேர்த்துக்கொள்க. கப்பம் கேட்கும் நிரல்கள் கணினியிற் புகுந்தால், இணைந்திருக்கும் வெளித்தட்டையும் பூட்டிவிடும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சற் பணி அத்தகைய நிரலால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்குரியோர் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மடல்களை இழந்தனர்; அக்காலத்துக்குத் தனித்து வைத்த பிரதி இல்லை. 2017 யூனில் நொட்பெற்யா என்னும் நிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினி வலையமைப்பை உலகெங்கும் அழித்தபொழுது, வலையமைப்பின் அடிப்படைப் பதிவுகளைத் தாங்கிய வழங்கிகளுள் கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. அவ்வேளை அங்கே மின்சாரம் தடைப்பட்டு அது தொடுப்பற்றிருந்ததே காரணம். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டைச் சபித்த நாம், மின்வெட்டையும் வாழ்த்தியோர் உளர் என்பதை அறிந்துகொள்வோமாக. வெளித்தட்டைப் பிரதி எடுக்கும்பொழுது மட்டும் இணைத்துப் பின்னர்க் கழற்றி வைத்தாற் போதும். கானாவுக்குப் போக வேண்டியதில்லை.

எஞ்சிய வினா எளிது. ஆயினும் ஒருவருங் கேட்பதில்லை. பிரதியிலிருந்து எப்பொழுதேனும் ஒரு கோப்பை மீட்டுப் பார்த்தீரா? கிற்லாப் என்னும் பெயர்பெற்ற மென்பொருள் நிறுவனத்தில் 2017 சனவரி 31ஆந் திகதி இரவு பொறியியலாளரொருவர் தவறான வழங்கியிலிருந்த தரவுகளை அழித்துவிட்டார். அவர்களிடம் பிரதி எடுக்கும் முறைகள் ஐந்து இருந்தன, ஐந்தும் கைகொடுக்கவில்லை. ஆறு மணிநேரத்துக்கு முன்னர் வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுத்த பிரதியே அவர்களைக் காத்தது. கணினியே தொழிலாகக் கொண்டோர் நிலை இதுவாயின், ஏனையோர் ஆண்டுக்கு இருமுறையாவது வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தல் வேண்டும். அதே கணினியில் மீட்பதாற் சில குறைகள் தெரியவரமாட்டா.

இதனையும் பட்டபின்னரே அறிந்தோம். பட்டியலை மீண்டும் தொகுத்த பின்னர், ஒரு படி வீட்டுக் கணினியிலும், ஒரு படி கழற்றி வைக்கும் வெளித்தட்டிலும், ஒரு படி ரொறன்ரோ அன்பரிடமுமாக வைத்தோம். விடுமுறையொன்றில் வெளித்தட்டைக் கல்லூரிக் கணினியில் இணைத்துத் திறந்தபொழுது, பெயர்கள் இருந்த இடமெங்கும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் விரவிய குழப்பமே தோன்றிற்று. பட்டியலின் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டிருந்தது. அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் குறியீட்டிடங்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றி வைப்பது. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மறைந்து அடியிலிருக்கும் ஆங்கிலமே தெரியும். கோப்பு அழியவில்லை, ஆனால் வாசிப்பார் எவருமிலர். அன்று மாலையே எழுத்துருவைத் தேடி நிறுவி, மாணவர் இருவரின் உதவியுடன் பட்டியல் முழுவதையும் யுனிகோட்டுக்கு மாற்றினோம். மாற்றத்திற் சிதைந்த பெயர்களைப் பழைய வரவுப் பதிவேடுகளுடன் ஒப்பிட்டுத் திருத்த மேலும் மூன்று வாரஞ் சென்றது. இம்மலரின் பின்னிணைப்பில் வாசகர் காண்பது அப்பட்டியலே. தத்தம் பெயரிற் பிழை காண்போர் எழுதி அறிவிப்பாராயின், மூன்று படிகளிலும் திருத்திக்கொள்வோம்.