ஜீனோம் உலாவியில் ஓர் எழுத்தைத் தேடி

அரிவாள் செல் சோகையைப் பற்றி நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பீட்டா குளோபின் புரதத்தின் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து அமர்வதே காரணம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆனால் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? சென்ற ஆண்டு நான் பார்த்தேன். அதற்குள் ஓரிரவுத் தூக்கம் போயிற்று.

என் விடுதி அறை நண்பன் கூடலூர்ப் பக்கத்தவன். நீலகிரிப் பழங்குடியினரிடையே இந்நோய்ப் பண்பு காணப்படுவதை லேமன், கட்புஷ் என்னும் இருவர் 1952ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தனர். நண்பனின் தம்பிக்கு அந்நோய் உண்டென்று ஆய்வக அறிக்கை ஒன்று வந்தது. அதில் '11ஆம் குரோமோசோம், 5248232' என்று ஓர் எண். "நீதானே ஜெனிடிக்ஸ் படிக்கிறாய், இது என்னவென்று பார்" என்று தாளை என்னிடம் நீட்டினான்.

கணிப்பொறி அறையில் ஜீனோம் உலாவியைத் திறந்தேன். மனித டி.என்.ஏ.வின் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளையும் இணையத்தில் இலவசமாகக் காட்டும் கருவி இது. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது ஆராய்ச்சி மாணவராயிருந்த ஜிம் கென்ட் என்பவர், சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும் நிரலை எழுதினார். 2000 ஜூலை 7 அன்று முதல் வரைவு இணையத்தில் வெளியாயிற்று. உலாவியும் அவர் கைவண்ணமே. ஐரோப்பியரின் 'என்செம்பிள்' இதைப் போன்றதே.

திரையின் மேலே ஓர் அளவுகோல். அதன் கீழே வரிசை வரிசையாகத் தகவல்கள்: ஜீன்கள் ஒரு வரிசை, அறியப்பட்ட மாற்றங்கள் ஒரு வரிசை, மற்ற விலங்குகளோடு ஒப்பீடு இன்னொன்று. ஒரே புல வரைபடத்தின் மேல் கிணறு, பயிர், பாதை எல்லாவற்றையும் குறித்தாற்போல.

எண்ணைத் தட்டினேன். வந்து நின்ற இடம் பீட்டா குளோபின் அன்று. காமா குளோபின் ஜீனின் அருகே! அறிக்கை சொன்ன மாற்றத்தை அங்கே காணவில்லை. "அப்படியானால் தம்பிக்கு நோய் இல்லையா?" என்றான் நண்பன். அவன் முகத்தைப் பார்த்து என்னால் இல்லையென்றும் சொல்ல முடியவில்லை, ஆமென்றும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் எங்கள் பேராசிரியர் அறிக்கையின் அடியில் பொடி எழுத்திலிருந்த ஒரு வரியைக் காட்டினார். அது 2009ஆம் ஆண்டுப் பதிப்பின் எண். நான் திறந்ததோ 2013இல் வந்த பதிப்பு. மறு அளவையில் சர்வே எண் மாறுவதுபோல, துண்டுகளைத் திருத்தி அடுக்கும்போது இங்கும் எண்கள் நகர்கின்றன. புதிய பதிப்பில் அவ்விடம் 5227002. இருபத்தோராயிரம் எழுத்துகள் தள்ளிப்போய்த் தேடியிருக்கிறேன்! பழைய எண்ணைப் புதியதாக மாற்றித்தரும் வசதி உலாவியிலேயே இருந்தும் அது எனக்குத் தெரியவில்லை.

சரியான இடத்திலும் மேலும் இரு குழப்பங்கள். ஜி.ஏ.ஜி. என்பது ஜி.டி.ஜி. ஆகும் என்று படித்திருக்கிறோம், திரையிலோ 'சி.டி.சி.' இருந்தது. இந்த ஜீன் எதிர் இழையில் அமைந்து வலமிருந்து இடமாக வாசிக்கப்படுவதே காரணம். அடுத்து, பாடநூலின் ஆறாம் இடம் இங்கே ஏழாம் இடம்! புரதம் முற்றுப்பெறும்போது கழன்றுவிடும் முதல் மெதியோனினையும் உலாவி எண்ணிக்கொள்கிறது.

தவறாகப் போய் நின்ற காமா குளோபினும் வீண்போகவில்லை. கருவிலிருக்கும் குழந்தைக்கு அதுவே பீட்டாவின் வேலையைச் செய்கிறது, பிறந்தபின் அடங்கிவிடுகிறது. அதை அடக்குவதில் முக்கியப் பங்கு 2ஆம் குரோமோசோமிலுள்ள பி.சி.எல்.11ஏ என்னும் ஜீனுக்கு. அந்த ஜீனுக்குச் சென்று இரு வரிசைகளைத் திறந்து பாருங்கள். கருக்கால ஹீமோகுளோபின் மிகுந்தவர்களிடம் காணப்பட்ட மாற்றங்கள் ஒன்றில். இரத்த செல்களில் டி.என்.ஏ. திறந்திருக்கும் இடங்கள் மற்றொன்றில். இரண்டும் ஜீனின் நடுவே ஒரே பகுதியில் மேலும் கீழுமாகப் பொருந்தி நிற்கும். அப்பகுதியை வெட்டும் சிகிச்சைக்குத்தான் 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. நண்பன் அந்தத் திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் செலவைக் கேட்டான், சொன்னேன்.

தம்பிக்கு இரண்டு பிரதிகளிலும் மாற்றம் உண்டு. ஆகவே தாய் தந்தை இருவரிடமிருந்தும் அது வந்திருக்கிறது. நண்பனும் இப்போது பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்திருக்கிறான். அறிக்கை இன்னும் வரவில்லை.