பம்ப் போச்சு என்று சொல்வதற்கு முன்

பழைய டீசல் பிக்கப் காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்தாலும், ஏற்றத்தில் இழுக்காமல் நின்றாலும், புகையைக் கக்கினாலும் பட்டறையில் முதலில் வரும் வார்த்தை ஒன்றுதான்: "பம்ப் போச்சு." அதைக் கேட்டவுடன் வண்டிக்காரர் பணத்துக்கு ஆள் தேடக் கிளம்பிவிடுகிறார். பம்பைக் கழற்றி, பம்ப் கடைக்குக் கொடுத்து, பிளஞ்சரும் டெலிவரி வால்வும் நாசிலும் மாற்றி, திரும்பப் பூட்டும்வரை பிழைப்பு நிற்கிறது. அத்தனையும் செய்த பிறகு அதே கோளாறு அப்படியே இருப்பதுதான் வயிற்றெரிச்சல். ஒரு பத்து ரூபாய் செம்பு வாஷர் பார்க்க வேண்டிய வேலைக்குக் குடும்பத்தின் சேமிப்பு போய்விடுகிறது. இந்தப் பேச்சு எழுதப்படுவது அதற்காகத்தான்.

நான் சொல்வது டாடா 207, டாடா 407, மெக்கானிக்கல் பம்ப் வைத்து வந்த பொலிரோ பிக்கப் மாதிரியான வண்டிகளைப் பற்றி. சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் பம்பை ஆட்டிவைக்காத தலைமுறை. பாஷ் நிறுவனம் டீசல் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது 1927இல். 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் அதை பெங்களூரில் செய்தது. 2008இல் மைக்கோவின் பெயரே பாஷ் என்று மாறிவிட்டாலும், நம் மெக்கானிக்குகளுக்கு இன்றும் அது மைக்கோ பம்ப்தான்.

இந்தப் பம்ப் வயதாகிவிட்டதாலேயே சாவதில்லை. உள்ளே பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டிலிருந்து நான்கு மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான். அவ்வளவு நெருக்கமான பொருத்தத்துக்குள் தூசியோ தண்ணீரோ போகாதவரை, டீசலே மசகாக இருந்து அதைப் பல லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிடும். எனவே கெட்டுப்போன பம்புக்கு முன்னால் எப்போதும் ஒரு கெட்டுப்போன டேங்க்கோ, பில்டரோ, பைப்போ இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கோளாறைத் தேடும் வரிசையும் டீசல் போகும் வழியிலேயே இருக்க வேண்டும். டேங்க், அதன் உள்ளே வலை, பைப், ஃபீட் பம்ப், பில்டர், அதற்குப் பிறகுதான் பம்ப், கடைசியில் நாசில்.

"கசிந்தால் சொட்டும், சொட்டவில்லை என்றால் லைன் சுத்தம்." இந்த நம்பிக்கைதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுகிறது. ஃபீட் பம்பிலிருந்து நாசில் பக்கம் டீசல் அழுத்தத்தில் இருக்கிறது, அங்கே ஓட்டை விழுந்தால் சொட்டும். டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சும் பக்கம். அங்கே விழுந்த ஓட்டை டீசலை வெளியே விடாது, காற்றை உள்ளே இழுக்கும். விரிசல் விட்ட ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. வெளியே துடைத்துவிட்ட மாதிரி காய்ந்து கிடக்கும் பைப்பில்தான் கோளாறு ஒளிந்திருக்கும். சில ரோட்டரி பம்புகளில் ஃபீட் பம்ப் உள்ளேயே அமைந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பில்டர் உட்பட முழு வழியும் உறிஞ்சும் பக்கமாகிவிடுகிறது. பில்டரின் ரப்பர் சீல் கொஞ்சம் மடங்கி உட்கார்ந்திருந்தாலே போதும்.

இதன் அடையாளம் காலையில் தெரியும். இரவெல்லாம் வண்டி நிற்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைய, பைப்பில் இருந்த டீசல் மெல்ல டேங்க்குக்கே திரும்பிவிடுகிறது. விடியற்காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்குகிறது. உடனே பேட்டரி மேலும் ஹீட்டர் பிளக் மேலும் பழி விழுகிறது. செல்ஃப் தொடுவதற்கு முன் ஃபீட் பம்பின் மேலுள்ள கைப்பம்பை நன்றாக அழுத்திப் பாருங்கள். முதலில் வெறுமையாகப் போய், பிறகு இறுகி, அதற்குப் பிறகு வண்டி ஒரே அடியில் பிடித்தால், காற்று எடுக்கிறது என்று அர்த்தம். பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எங்கே எடுக்கிறது என்று கண்டுபிடிக்க கண்ணாடிபோல் உள்ளே தெரியும் டியூப் ஒரு துண்டு போதும், டீசல் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். அதை ஃபீட் பம்புக்கு முன்னால் பூட்டி, இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்துக் கவனித்தால் குமிழிகள் ஓடுவது தெரியும். அடுத்த படி கேன் சோதனை. சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, புது ஹோஸ் ஒன்றால் நேரே ஃபீட் பம்புக்குக் கொடுத்து, ரிட்டன் லைனையும் அந்தக் கேனிலேயே விட்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்துவிட்டால் குற்றவாளி டேங்க்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கிறான். மறையவில்லை என்றால் அந்தப் பாதி வழியை முழுதாக விட்டுவிட்டு முன்னே போகலாம். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பம்பில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. வழக்கமான இடங்கள்: வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், சேஸிஸில் உரசித் தேய்ந்த இரும்பு பைப், திரும்பத் திரும்பப் பூட்டிய பான்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர். செம்பு வாஷர் ஒரு முறை நசுங்கியதும் இறுகிவிடும். பழுக்கக் காய்ச்சிக் குளிர்வித்தால் மறுபடி இளகும் என்பது உண்மைதான், ஆனாலும் புதிது போடுவதே நல்லது.

அடுத்தது ஏற்றம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு ஏறும் வண்டி பாதியில் மூச்சு வாங்குகிறது. சமவெளியில் ஒரு குறையும் இல்லை, ஐடிலிங் அழகாக இருக்கிறது. "ஐடிலிங் நன்றாக இருப்பதால் பில்டரில் அடைப்பு இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இது தலைகீழான தர்க்கம். ஐடிலிங்கில் இன்ஜின் கேட்பது மிகச் சொற்ப டீசல், அரைகுறையாக அடைத்த பில்டரே அதைத் தந்துவிடும். முழு லோடில் பல மடங்கு கேட்கும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். வண்டி நின்று, ஐந்து நிமிடம் ஓரம் கட்டி, பிறகு எதுவுமே நடக்காததுபோல் கிளம்பினால் பில்டரையும் தாண்டி டேங்க்கைச் சந்தேகப்படுங்கள். உள்ளே மிதக்கும் குப்பை உறிஞ்சு குழாயின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் விழுந்துவிடும். டேங்க் மூடியில் காற்று போகும் துளை அடைத்திருந்தாலும் இதே கதைதான். நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் விடை கிடைத்துவிட்டது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால், இன்லைன் பம்பில் ரிட்டன் லைன் கிளம்பும் இடத்தில் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வைக் கழற்றிப் பாருங்கள். விரல் நுனி அளவு பொருள். உள்ளே ஒரு ஸ்பிரிங், அநேகமாக ஒரு பால். பம்பின் உள்ளே டீசலை ஒரு பார், ஒன்றரை பார் அழுத்தத்தில் நிறுத்தி வைப்பது அதன் வேலை. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் டீசல் பிளஞ்சருக்குள் நிரம்பாமல் டேங்க்குக்கே ஓடிவிடும். ரோட்டரி பம்ப் வண்டியாக இருந்து ஒரேயடியாக ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பம்பின் மேலுள்ள சொலினாய்டுக்கு வரும் ஒயரைப் பாருங்கள். சாவி திருப்பினால் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் டீசல் வழியே திறக்கவில்லை, பம்புக்கு ஒன்றுமில்லை.

புகையைப் பற்றிய நம்பிக்கைகள் பல. "கரும்புகை வந்தால் பம்ப் டீசலை அதிகமாகத் தள்ளுகிறது" என்பது அவற்றில் முதலாவது. உள்ளே போகும் காற்றுக்கு எரிக்க முடியாத அளவு டீசல் வந்தால் கரும்புகை வரும். டீசல் கூடியதாலும் வரலாம், காற்று குறைந்ததாலும் வரலாம். செங்கல் சூளைக்கும் குவாரிக்கும் போய்வரும் வண்டியில் ஏர் பில்டரைத் திறந்து பார்க்காமல் பம்பைப் பேசுவதில் நியாயமில்லை. டர்போ உள்ள வண்டியில் ஹோஸ் கழன்றோ கிழிந்தோ இருக்கலாம். நாசில் தூவாமல் சொட்டினாலும் கரும்புகைதான். வெள்ளைப் புகை கண்ணை எரித்து, டீசல் நாற்றத்தோடு வந்தால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. டைமிங் பிந்தியிருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம், ஒரு நாசில் செத்திருக்கலாம்.

"சீலை உடைத்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் இழுவை கூடும்" என்று சொல்பவர்கள் வண்டிக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார்கள். பம்பின் அந்த ஈயச் சீல், பம்ப் கடையின் சோதனை பெஞ்சில் அளந்து வைத்த டீசல் அளவைக் காக்கிறது. டீசல் மட்டும் கூடி, காற்று அதே அளவில் இருந்தால் கிடைப்பது கொஞ்சம் இழுவை, நிறையப் புகை, அதைவிட நிறையச் சூடு. பிஸ்டனின் மேல்தலை உருகும்வரை அந்தச் சூடு கண்ணில் படாது. பிஎஸ் 4க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் வரம்பு 65 எச்எஸ்யூ. ஸ்க்ரூ திருப்பிய வண்டி அதைத் தாண்டிவிடும்.

டேங்க்குக்குள் ஊற்றுவதைப் பற்றி இப்போது அதிகம் கேட்கும் பேச்சு இது: "புது டீசலில் கந்தகம் இல்லை, பழைய பம்ப் தாங்காது, லிட்டருக்கு இவ்வளவு 2டி ஆயில் ஊற்று." இதில் ஒரு பாதி மெய். பிஎஸ் 3 டீசலில் 350 பிபிஎம் இருந்த கந்தகம், 2017 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பிஎஸ் 4 டீசலில் 50 ஆகவும், 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6இல் 10 ஆகவும் இறங்கிவிட்டது. ஆனால் மசகாக இருந்தது கந்தகம் அல்ல. கந்தகத்தை நீக்கும்போது கூடவே போய்விடும் வேறு சில சேர்மங்கள்தான் அந்த வேலையைச் செய்தன. அதனால்தான் மசகுத்தன்மையைத் திரும்பக் கொடுக்கச் சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்மானம் கலக்கிறார்கள். சோதனையில் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று இந்திய டீசல் தரமே சொல்கிறது. பங்க்கிலிருந்து நேரே வரும் டீசலுக்கு மேலே எதுவும் தேவையில்லை.

பழைய பம்புக்கு உண்மையில் வரக்கூடிய தொல்லை வேறு. 1993இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது, குறிப்பாகக் கலிபோர்னியாவில், வயதான வண்டிகளின் பம்ப் சீல்கள் சுருங்கிக் கசிந்தன. காய்ந்து இறுகிய நைட்ரைல் ரப்பர் புது டீசலுக்கு ஈடுகொடுக்கவில்லை. உங்கள் பம்ப் திடீரென்று வெளியே கசியத் தொடங்கினால் விட்டான் ரப்பர் சீல் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஆயில் ஊற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

"மண்ணெண்ணெய் கலந்தால் லைன் சுத்தமாகும்" என்பதோ முழுப் பொய். மண்ணெண்ணெய் டீசலைவிட நீர்த்தது, மசகும் குறைவு. சுத்தம் செய்வதாக நினைத்து ஊற்றும் அதே பொருள் அந்த நான்கு மைக்ரான் பொருத்தத்தைத் தேய்த்துவிடுகிறது. லைன் சுத்தமாக வேண்டுமென்றால் டேங்க்கை இறக்கிக் கழுவ வேண்டும், பில்டரின் அடியிலுள்ள தண்ணீரை வாரம் ஒருமுறை வடிக்க வேண்டும். மழைக்காலத்தில் டேங்க்கின் அடியில் தங்கும் தண்ணீரில் கிருமிகள் வளர்ந்து கருப்புக் கொழகொழப்பாகத் திரளும். பில்டர் மாற்றிய சில நாளிலேயே மறுபடி அடைத்தால் இதைத் தேடுங்கள்.

வண்டிக்காரர்கள் பெருமையாகச் சொல்வது ஒன்று உண்டு: "என் வண்டி ஒரு சொட்டு ஆயில் குடிக்காது, அளவு இறங்கவே இல்லை." ஓடும் பழைய இன்ஜினில் ஆயில் கொஞ்சமாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை, அதிலும் ஏறியிருக்கிறது என்றால் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஃபீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தோ பம்பின் சீல் விட்டோ டீசல் ஆயிலில் கலந்துகொண்டிருக்கலாம். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். அளவு மிஞ்சினால் இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடக்கூடிய ஆபத்தும் உண்டு. டீசல் வாடை வந்தால் அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

எந்த நாசில் செத்தது என்று பார்க்க, ஐடிலிங்கில் ஒவ்வொரு பைப் நட்டாகத் தளர்த்துவது பழைய வழக்கம். தளர்த்தியும் சத்தத்தில் மாற்றம் இல்லாத சிலிண்டர்தான் வேலை செய்யாதது. அந்த நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டுங்கள். கோளாறு கூடவே போனால் நாசில், அங்கேயே தங்கினால் பம்போ கம்ப்ரஷனோ. நல்ல முறைதான், மெக்கானிக்கல் பம்புக்கு மட்டும். காமன் ரயில் வண்டியில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கிறது, அங்கே ஓடும் இன்ஜினில் எந்த நட்டையும் தொடவே கூடாது.

நாசிலின் தூவலைக் கையில் பிடித்துப் பார்ப்பதும் வழக்கமாக இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். இருநூறு பார் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. உள்ளே சதை அழுகி விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும். அப்படி நடந்துவிட்டால் களிம்பு தடவிக் காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓடி, அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தாக வேண்டிய காயம் அது.

பம்பே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. குளிரில் உடனே பிடிக்கும் வண்டி, ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும். தேய்ந்த பம்பின் இடைவெளி வழியாகச் சூட்டில் நீர்த்த டீசல் நழுவிவிடுவதால் நாசிலைத் திறக்கும் அழுத்தம் கிடைப்பதில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டு ஆறவிட்டதும் பிடித்தால் ரோட்டரி பம்பின் ஹெட் தேய்ந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். கொதிக்கும் பம்பில் தண்ணீரை ஊற்றாதீர்கள், இறுகிவிடக்கூடும்.

அப்போது பம்ப் கடைக்குப் போகலாம். கழற்றுமுன் டைமிங் குறியைப் போட்டுவிடுங்கள். பிரிப்பதற்கு முன்னும் வேலை முடிந்த பின்னும் பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் வருகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் தயங்காமல் தருவார். மாற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பம்ப் கடையில் இருக்கும் அந்த நாட்களிலேயே டேங்க்கை இறக்கிக் கழுவி, ஹோஸ்களை மாற்றி, புது பில்டர் பூட்டி வையுங்கள். பம்பைக் கொன்ற குப்பை இன்னும் டேங்க்கில்தான் கிடக்கிறது.