முப்பது நாட்களுக்குள் ஒரு கண் பரிசோதனை



குறைமாதத்தில் பிறந்த குழந்தை எடை கூடி வீட்டுக்கு அனுப்பப்படும் நாளில் குடும்பமே மகிழ்கிறது. சபையிலும் ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். ஆனால் அக்குழந்தையின் கண்ணுக்குள் ஒரு வேலை இன்னும் முடியாமல் இருக்கலாம். அதையே இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

1. கண் வளரும் விதம்

கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. ஒளியை உணர்வது அதுவே. அதற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள், கர்ப்பத்தின் சுமார் 16-ஆம் வாரத்தில் பார்வை நரம்பருகே தொடங்கி, ஓரத்தை நோக்கி மெல்லப் படர்கின்றன. மூக்குப் பக்க ஓரத்தை 36 வார அளவிலும், காதுப் பக்க ஓரத்தை 40 வார அளவிலும் எட்டுகின்றன. ஆகவே நிறைமாதக் குழந்தைக்கு இவ்வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். 28 வாரத்தில் பிறந்த குழந்தையோ மீதியை வெளியுலகில் வளர்க்கவேண்டும்.

2. எங்கே தடை வருகிறது?

கருப்பையில் இருந்ததைவிட வெளியே ஆக்ஸிஜன் அதிகம் கிடைப்பதால் குழாய்களின் வளர்ச்சி நின்றுபோகிறது. சில வாரங்களில், இரத்தம் எட்டாத ஓரப் பகுதி, குழாய்களை வளரத் தூண்டும் பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. முறையற்ற குழாய்கள் முளைக்கின்றன. பல குழந்தைகளில் இது தானாகவே சரியாகிவிடும். சிலரிலோ அவை வடுவாகி, விழித்திரையைச் சுவரிலிருந்து இழுத்துப் பிரித்துவிடும்.

1942-இல் அமெரிக்காவில் டெரி என்ற மருத்துவர் இந்நோயை விவரித்தார். 1951-இல் ஆஸ்திரேலியாவின் கேட் காம்பெல் அம்மையார் ஆக்ஸிஜனைக் காரணமாகச் சுட்டிக்காட்டினார். ஆனாலும் சிசுவின் உயிர்காக்க ஆக்ஸிஜன் வேண்டும். ஆகவே அதை அளந்து கொடுக்கவேண்டும், கண்ணையும் பார்க்கவேண்டும்.

3. பார்க்காமல் விட்டால்

1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-ஆம் வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இப்பரிசோதனை செய்யப்படவில்லை. பெற்றோருக்கு எச்சரிக்கையும் சொல்லப்படவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015 ஜூலை 1 அன்று உச்சநீதிமன்றம் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பணம் வந்தது, பார்வை வரவில்லை. ஆரம்ப நாட்களில் கண் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். குழந்தை முகம் பார்க்கவில்லை என்று தாய் உணரும்போது காலம் கடந்திருக்கும்.

4. கண்ணுக்குள் படமெடுத்தல்

இப்பொழுது சிசுவின் கண்ணுக்கென்றே கேமராக்கள் உண்டு. சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து, கண்ணை மரத்துப்போகச் செய்து, பேனா போன்ற முனையைக் கண்மேல் வைத்துப் படமெடுக்கிறார்கள். ஒரே படத்தில் சுமார் 130 பாகை அகலம் தெரியும். குழாய்கள் எதுவரை வந்திருக்கின்றன என்பதைப் பெற்றோருக்கும் காட்டலாம்.

பெங்களூரு நாராயண நேத்ராலயா 2008-இல் தொடங்கிய கிட்ராப் திட்டத்தில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் கேமராவோடு வெளியூர் மருத்துவமனைகளுக்குச் செல்கிறார்கள். படங்களைத் தொலைவிலுள்ள நிபுணர் பார்க்கிறார். கடுமையான நோயென்றால் லேசர் அல்லது கண்ணில் ஊசி மருந்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் கொடுக்கப்படவேண்டும்.

5. நாம் நினைவில் வைக்கவேண்டியவை

• 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு 30 நாட்களுக்குள் முதல் பரிசோதனை வேண்டும்.
• 28 வாரத்துக்கு முன்போ, 1,200 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்திருந்தால் 2 அல்லது 3 வாரத்திலேயே வேண்டும்.
• ஒருமுறை போதாது. மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை திரும்பத் திரும்பப் போகவேண்டும்.

பெரியபாளையத்திலிருந்து சென்னை 40 கிலோமீட்டருக்கு மேல். கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் தினக்கூலி பெறும் தகப்பனுக்கு ஒவ்வொரு பயணமும் ஒருநாள் சம்பளம். பிரசவித்த உடம்போடு பஸ்ஸில் போகும் தாய்க்குத் துணை வேண்டும். "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது" என்று இரண்டாவது பரிசோதனை தவறுவது இதனால்தான். உங்கள் காணிக்கையில் ஒரு வாகனச் செலவு, அந்தத் தவணையைக் காப்பாற்றும்.

சிந்திக்க:

1. நம் சபையில், நம் தெருவில், இவ்வாண்டு குறைமாதத்தில் பிறந்த குழந்தை உண்டா?
2. அதன் கண் பரிசோதனைத் தேதியை யாராவது கேட்டோமா?
3. அன்று அந்தத் தாயோடு போக நம்மில் யார் ஆயத்தம்?

குழந்தையைப் பார்க்கப் போகும்போது பழமும் சட்டையும் கொண்டுபோகிறோம். இனி இந்தக் கேள்வியையும் கொண்டுபோவோம்.

கர்த்தரின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்