ரப்பர் விலைச் செய்தியும் பொருளாதாரப் பாடமும்

இடைநிலைப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் படிவங்களில் பொருளாதாரத்தை ஒரு பாடமாக எடுத்துப் பயிலும் மாணவர்கள் நம் தோட்டங்களிலும் உள்ளனர். தேவை, அளிப்பு, சந்தை விலை, மாற்றுப் பொருள் என்னும் சொற்களுக்கு அவர்கள் விளக்கம் மனனம் செய்கின்றனர், எஸ்.பி.எம். தேர்வில் பிழையின்றி எழுதியும் விடுகின்றனர். ஆயினும், "கட்டிப்பால் விலை ஏன் இறங்கிற்று?" என்று வீட்டில் யாரேனும் கேட்டால் விழிக்கின்றனர். தகப்பனாரின் மங்கில் உறைந்து கிடக்கும் பொருளும் தம் பாடநூலும் ஒன்றையே பேசுகின்றன என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துக் காட்டவில்லை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நாளிதழில் வரும் ஒரு செய்தி போதும். பாடநூல் விதியை முதலில் கூறி, எடுத்துக்காட்டைப் பின்னர்த் தரும். செய்தியைக் கொண்டு கற்பிப்பவர் நிகழ்ச்சியை முதலில் வைக்கிறார். ஏன் நிகழ்ந்தது, யாருக்கு ஆதாயம், யாருக்கு நட்டம், அடுத்து என்ன நேரக்கூடும் என்று வினவுகிறார். விடை தேடும்போது விதி தானே வெளிப்படும்.

2020ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோவிட்-19 நோய் உலகெங்கும் பரவியபொழுது ரப்பர்க் கையுறைகளுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. உலகச் சந்தைக்கு வரும் கையுறைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை நம் நாட்டு ஆலைகளே அப்பொழுது செய்து அனுப்பின. கையுறையின் விலை பன்மடங்கு ஏறிற்று. ஆலைகளின் இலாபமும் பங்கு விலையும் ஏறின. இவை யாவும் நாளிதழ்களில் பெரிய எழுத்துகளில் வெளிவந்தன. 'கையுறைக்கு இத்துணை கிராக்கி என்றால் பால் வெட்டுபவருக்கும் நல்ல காலந்தானே?' என்று பலரும் எண்ணியது இயல்பே. ஆனால், அவ்வாண்டின் முற்பகுதியில் கட்டிப்பால் விலை ஏறவில்லை, இறங்கியது.

இந்த முரண்பாடுதான் பாடம். மாணவரை இங்கே நிறுத்திச் சிந்திக்கச் செய்தல் வேண்டும். மங்கில் உறையும் கட்டிப்பால் ஆலைக்குச் சென்று பெரும்பாலும் எஸ்.எம்.ஆர். 20 என்னும் தரமுள்ள ரப்பராகிறது. அது டயர் செய்யப் பயன்படுவது. உலகில் விளையும் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு டயருக்கே செல்கிறது. நோய்க்கு அஞ்சிக் கார் ஆலைகள் மூடப்பட்டன, வாகனப் போக்குவரத்தும் குறைந்தது, டயர் வாங்குவாரில்லை. கையுறையோ உறையாத பாலிலிருந்து செய்யப்படுவது. அப்பாலிலும் பெரும்பகுதியை நம் ஆலைகள் தாய்லாந்திலிருந்து தருவித்தன. மேலும், கையுறைகளில் பெரும் பங்கு நைட்ரில் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. அது மரத்திலிருந்து வருவதன்று. பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து வருவது. அவ்வாண்டின் பிற்பகுதியில் கார் ஆலைகள் மீண்டும் இயங்கத் தொடங்கிய பின்னரே டயர் ரப்பரின் விலை நிமிர்ந்தது.

'ரப்பர்' என்பது ஒரே பெயராயினும் சந்தைகள் பல என்பதை இதைவிடத் தெளிவாக எந்நூலும் விளக்கிவிட இயலாது. மாற்றுப் பொருள் என்றால் என்ன என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது. கதையின் பிற்பகுதியையும் கூறலாம்: இலாபத்தைக் கண்டு இங்கும் சீனாவிலும் புதிய ஆலைகள் எழுந்தன, நோயின் வேகம் தணிந்ததும் கையுறை மிஞ்சிப்போயிற்று, விலை சரிந்தது, 2023ஆம் ஆண்டில் நம் நாட்டு ஆலைகள் சில மூடப்பட்டன. அதிக அளிப்பு என்பதன் பொருள் இதுவே.

இனி, செய்தித்தாள் சொல்லாத ஒன்று உண்டு. அதை நம் தோட்ட மக்களே சொல்லித் தர வல்லவர்கள். மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களில் பால் குறைகிறது. அளிப்புக் குறைவதால் விலை சற்று ஏறுவதுண்டு. உடனே 'ரப்பர் விலை உயர்வு' என்று தலைப்பு வருகிறது. சிறுதோட்டம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் மாதம் 400 கிலோ கட்டிப்பாலைக் கிலோ 3 ரிங்கிட்டுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். அவர் பெறுவது 1,200 ரிங்கிட். இலையுதிர் காலத்தில் விலை 3 ரிங்கிட் 60 காசாக உயர்ந்து, பால் 250 கிலோவாகக் குறைந்தால் அவர் பெறுவது 900 ரிங்கிட்டே. விலை நூற்றுக்கு இருபது ஏறியும் வருமானம் 300 ரிங்கிட் குறைந்துவிட்டது. இக்கணக்கைப் பிள்ளை தன் கையாலேயே போட்டுப் பார்த்தல் வேண்டும். 'எனக்கு என்ன பொருளாதாரம் தெரியும்' என்று ஒதுங்கிக்கொள்ளும் தாய் தந்தையர் இதை ஆண்டுதோறும் அனுபவித்து வருபவர்கள். பட்டணத்து ஆசிரியர் பலருக்கு இந்த அறிவு இல்லை.

சற்று வளர்ந்த மாணவருக்குக் கடினமான செய்திகளையும் தரலாம். விலையைத் தூக்கி நிறுத்தும் பொருட்டு 2019ஆம் ஆண்டில் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா ஆகிய மூன்று நாடுகளும் ஏற்றுமதியில் 240,000 டன் குறைக்க இணங்கின. மூவர் குறைக்கும்போது வியட்நாமும் ஐவரி கோஸ்ட்டும் என்ன செய்யும் என்று கேட்டுப் பாருங்கள். மாணவரின் விடை உங்களை வியப்பில் ஆழ்த்தக்கூடும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கைத்தொலைபேசியில் 'நாளை விலை ஏறப்போகிறது' என்று சுற்றி வருவனவெல்லாம் செய்தியாகா. யார் சொன்னது, எந்த நாளில், எந்தத் தரத்திற்கு, எந்த அளவைக்கு என்னும் விவரம் இல்லாத விலையைப் பாடத்திற்கு எடுத்துக்கொள்ளலாகாது.

மலேசிய ரப்பர் வாரியம் சந்தை நாள்தோறும் விலையை வெளியிடுகிறது. ஒரு பயிற்சிப் புத்தகத்தை இதற்கென ஒதுக்குங்கள். வாரத்திற்கு ஒரு முறை இடப்பக்கத்தில் பிள்ளை அவ்விலையைக் குறிக்கட்டும்; அதற்குக் காரணமாக நாளிதழ் கூறியதையும் ஒரு வரியில் எழுதட்டும். வலப்பக்கம் பெற்றோருக்கு உரியது. அவ்வாரத்தில் மழையால் எத்தனை நாள் வெட்டு நின்றது, பால் கூடிற்றா குறைந்ததா, கடையில் அரிசியும் எண்ணெயும் என்ன விலை என்பவற்றை நீங்கள் சொல்ல, பிள்ளை எழுதட்டும். மூன்று மாதங்கள் சென்றபின் இரு பக்கங்களையும் அருகருகே வைத்து ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். கோடுகள் எங்கே பிரிகின்றனவோ, அங்கிருந்து கேள்விகளைத் தொடங்கலாம்.