துறைதோறும் தேடல்

நுழையும்முன்

விடை அறிந்த வினாக்களை எதிர்கொள்வது தேர்வு; விடை அறியாத வினாக்களைத் தேடிச் செல்வது ஆய்வு. தேர்வு நடத்துவதற்காகத் தொடங்கப்பட்ட ஒரு பல்கலைக்கழகம் ஆய்வுக்கும் இடங்கொடுத்தபோது அதன் தேடல் கணிதம் முதல் அகராதி வரை, சிற்றூர் முதல் புரதம் வரை விரிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வரலாற்றிலிருந்து சில பக்கங்களை இப்பாடம் எடுத்துக்காட்டுகிறது.

தேர்வு மன்றம்

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1857ஆம் ஆண்டு பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட இவற்றின் தலையாய பணி, கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே ஆகும். பாடம் நடத்தியவை கல்லூரிகள். மதிப்பெண் இட்டது பல்கலைக்கழகம். 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை அமர்த்திக் கற்பிக்கவும் ஆராயவும் வழிவகுத்தது. அறிந்ததை அளந்துகொண்டிருந்த நிறுவனம், அறியாததைத் தேடும் நிறுவனமாக மெல்ல மாறத் தொடங்கிய காலம் அது.

தோல்வியுற்றவருக்கு உதவித்தொகை

இம்மாற்றத்தின் பொருளை ஒருவரது வாழ்க்கை தெளிவாக உணர்த்துகிறது. கணிதத்தில் மட்டுமே மனம் செலுத்திய சீனிவாச இராமானுசன், பிற பாடங்களில் தேர்ச்சி பெறாமையால் 1907ஆம் ஆண்டு எஃப்.ஏ. தேர்வில் தோல்வியுற்றார். பின்னர்ச் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். அவருடைய கணிதக் குறிப்புகளைக் கண்ட வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், அவருக்கு உதவுமாறு பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைத்தார். பட்டம் பெறாத அவ்விளைஞருக்குப் பல்கலைக்கழகம் 1913ஆம் ஆண்டு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை அளிக்கவேண்டும் என்பது அதற்குரிய கட்டுப்பாடு.

எந்த நிறுவனத்தின் தேர்வு அவரைத் தோல்வியுற்றவர் எனக் கணித்ததோ, அதே நிறுவனத்தின் ஆய்வுக்குழு அவரை அறிஞர் என அடையாளம் கண்டது. இவ்விரண்டு முடிவுகளும் தத்தம் அளவில் விதிப்படி அமைந்தவையே. தேர்வின் அளவுகோல் வேறு, ஆய்வின் அளவுகோல் வேறு என்பதே இதனால் நாம் பெறும் தெளிவு. பல்கலைக்கழக நூலகம் பாதுகாத்த அவருடைய குறிப்பேடுகளின் படிகள் 1957ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. அவற்றில் நிறுவப்படாது விடப்பட்ட முடிவுகளுக்கு நிறுவல் காணும் முயற்சியில் அயல்நாட்டுக் கணிதவியலாரும் பல்லாண்டுகள் ஈடுபட்டனர்.

ஐந்து சிற்றூர்கள்

இராமானுசன் கேம்பிரிட்சில் ஆய்ந்துகொண்டிருந்த நாளில், பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியல் துறைக்கு முதற் பேராசிரியராக கில்பர்ட் சிலேட்டர் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தார். நாட்டின் பொருளியலை அறிய வேண்டுமாயின் சிற்றூர்களை அறியவேண்டும் என்று கருதிய அவர், வினாநிரல் ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊர் நிலையை ஆராய்ந்து வருமாறு பணித்தார். நிலம் எவ்வளவு, உழுபவர் யார், கூலி என்ன, கடன் எத்தனை எனக் கேட்டு எழுதியவர்கள் அவ்வூர் மாணவர்களே. 1918ஆம் ஆண்டு அந்த ஆய்வு நூலாயிற்று. இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகிய தமிழக ஊர்கள் பொருளியல் வரலாற்றில் இடம்பெற்றன.

இவ்வாய்வின் பெருமை, காலம் செல்லச் செல்லவே வெளிப்பட்டது. பி.ஜே. தாமஸ், கே.சி. இராமகிருட்டிணன் ஆகியோர் 1936-37இல் அவ்வூர்களை மீண்டும் ஆய்ந்தனர். பின்வந்தோரும் அவ்வூர்களுக்குச் சென்றனர். ஓர் ஊர் எவ்வாறு மாறியது என்பதை அறிய, அது முன்னர் எவ்வாறு இருந்தது என்று எவரேனும் எழுதிவைத்திருக்க வேண்டும் அன்றோ? அப்பணியை ஆற்றியவர்கள் உங்கள் வயதினும் சற்றே மூத்த மாணவர்கள்.

சொற்களைத் தேடி

ஊர்கள் ஆராயப்பட்ட அதே காலத்தில் சொற்களும் ஆராயப்பட்டன. மதுரையில் சமயப்பணி ஆற்றிய அமெரிக்கரான சாண்ட்லரை முதற் பதிப்பாசிரியராகக் கொண்டு 1913ஆம் ஆண்டு தமிழ்ப் பேரகராதிப் பணி தொடங்கியது. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதி அதற்கு அடிப்படையாயிற்று. 1926 முதல் பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை பதிப்புப் பொறுப்பேற்றார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளும் 1939இல் பின்னிணைப்பும் வெளிவந்தன. ஆறு தொகுதிகளில் மட்டும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சொற்கள் இடம்பெற்றன. ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கியச் சான்று தேடப்பட்டது. திருநெல்வேலி, நாஞ்சில்நாடு, யாழ்ப்பாணம் முதலிய வட்டாரங்களின் வழக்குகள் குறிக்கப்பட்டன. பயிர், மருந்து, இசை, கணக்கு எனத் துறைதோறும் வழங்கும் சொற்களைப் பொருள் பிழையாது விளக்குதல் பல துறை அறிவையும் வேண்டிய பணியாகும்.

கல்லும் செடியும்

வரலாற்றுத் துறையில் பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு சோழர் வரலாற்றை ஆராய்ந்தார். அவருடைய 'சோழர்கள்' நூலின் இரு தொகுதிகளும் 1935, 1937ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் துணையால் ஊர்ச்சபைகளின் அமைப்பையும் அவர் விளக்கினார்.

கல்லில் எழுதப்பட்டதை வரலாற்றாசிரியர் படித்தார். ஈரமண்ணில் வளர்வதைத் தாவரவியலார் படித்தனர். பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் எம்.ஓ.பி. ஐயங்கார் பாசிகளை ஆராய்ந்தார். அவருக்குப்பின் இயக்குநரான டி.எஸ். சதாசிவன், பயிர்நோய் ஆய்வை வளர்த்தார். மண்ணில் வாழும் பூஞ்சை பருத்திச் செடியின் வேர்வழி நுழைந்து அதனை வாடச் செய்வது எவ்வாறு என்பது அவருடைய குழுவினர் ஆராய்ந்த வினாக்களுள் ஒன்று. பூஞ்சை சுரக்கும் பியூசாரிக் அமிலம் என்னும் நஞ்சு, நோயுற்ற செடியினுள்ளேயே உண்டாவதை அவர்கள் காட்டினர்.

தோலும் எலும்பும்

1952ஆம் ஆண்டு இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற ஜி.என். இராமச்சந்திரன், உயிரியலார்க்கு உரியது எனக் கருதத்தக்க ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு வலிமை தரும் கொலாஜன் என்னும் புரதமே அது. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வுப் பொருளை அளித்தது. எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்த இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன் என்று 1954ஆம் ஆண்டு வெளிப்படுத்தினர்.

அவ்வமைப்பில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன எனப் பிற அறிஞர் மறுத்துரைத்தனர். அம்மறுப்பே அடுத்த ஆய்வுக்கு வித்தாயிற்று. அணுக்கள் எத்துணை நெருங்க இயலும் என அவர் அளந்து ஆராய்ந்தார். அதன் பயனாக, புரத இழையின் கண்ணிகள் எக்கோணங்களில் திரும்ப இயலும், எக்கோணங்களில் இயலாது என்பதைக் காட்டும் வரைபடம் 1963ஆம் ஆண்டு இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து அவரால் வெளியிடப்பட்டது. 'இராமச்சந்திரன் வரைபடம்' என்னும் பெயரால் உலகெங்கும் புரத அமைப்புகளைச் சரிபார்க்க இன்றும் அது பயன்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

இத்தனை துறை நூல்களையும் ஒழுங்குபடுத்துவது எவ்வாறு என்பதே ஓர் ஆய்வுப் பொருளாயிற்று. கணித ஆசிரியராக இருந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஒரு நூலின் பொருளைக் கூறுகளாகப் பகுத்து, அக்கூறுகளின் குறியீடுகளை முக்காற்புள்ளியால் இணைக்கும் கோலன் பகுப்புமுறையை 1933இல் வெளியிட்டார். அவர் பிறந்தநாளான ஆகஸ்டு 12 தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கருவிகள் பல; நெறி ஒன்று

கணிதவியலாருக்கு நிறுவல் சான்று, பொருளியலாருக்குக் களத்தில் திரட்டிய கணக்கு, அகராதியாளருக்கு இலக்கிய ஆட்சி, வரலாற்றாசிரியருக்குக் கல்வெட்டு, அறிவியலாருக்குச் சோதனை. கருவிகள் இவ்வாறு வேறுபட்டாலும், சான்றின்றி எதனையும் கொள்ளாமை, மறுப்புக்குச் செவிசாய்த்தல், முடிவு வரும்வரை பொறுத்தல் ஆகிய நெறிகள் எல்லாத் துறைகளுக்கும் பொதுவானவை. ஒரு துறையின் வினாவுக்கு மற்றொரு துறையில் விடை கிடைப்பதும் உண்டு. இராமானுசனை வானிலையறிஞர் பரிந்துரைத்ததும், இயற்பியலார் தோலை ஆராய்ந்ததும், கணித ஆசிரியர் நூலகவியலுக்கு வழிகண்டதும் துறைச்சுவர்கள் உயரமாக இல்லாமையால் நிகழ்ந்தவை.

எத்துறை உடனே பயன்தரும், எத்துறை வேலை தரும் என்னும் வினா இன்று ஒவ்வொரு வீட்டிலும் எழுகிறது. அது தேவையற்ற வினா அன்று. எனினும், அவ்வொரு வினாவைக் கொண்டே அந்நாளில் துறைகளைத் தெரிவு செய்திருப்பின், முடிவதற்கு கால் நூற்றாண்டு ஆன அகராதி தொடங்கப்பட்டிருக்குமா? ஐந்து ஊர்களின் கூலிக்கணக்கை எவரேனும் எழுதியிருப்பரா? பாசியும் பூஞ்சையும் ஆய்வகம் புகுந்திருக்குமா? ஒரு பல்கலைக்கழகம் தன் துறைகளுள் ஒன்றை இழக்கும்போது, அத்துறை மட்டுமே எழுப்பக்கூடிய வினாக்களையும் சேர்த்தே இழக்கிறது.

மேனிலைக் கல்வி முடித்து உயர்கல்வியின் வாயிலில் நிற்கும் மாணவர்களே! பெறும் மதிப்பெண் உங்களை ஒரு துறைக்குள் அனுப்பிவைக்கும். அங்கு நீங்கள் எழுப்பும் வினாவே அத்துறைக்கு நீங்கள் அளிக்கும் கொடை. அது எத்துறையாயினும் சிறிதன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் பயிர், தொழில், நீர்நிலை ஆகியன குறித்துப் பத்து வினாக்கள் கொண்ட வினாநிரல் ஒன்றை உருவாக்கி, ஐந்து வீடுகளில் கேட்டறிந்து அறிக்கை எழுதுக.
2. உங்கள் வட்டாரத்தில் வழங்கும் தொழிற்சொற்கள் இருபதைத் திரட்டித் தமிழ்ப் பேரகராதியில் அவை உள்ளனவா எனக் காண்க.

குறுவினா

1. தேர்வுக்கும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பிடுக.
2. கோலன் பகுப்புமுறை என்பது யாது?

சிறுவினா

சிலேட்டரின் சிற்றூர் ஆய்வு காலப்போக்கில் சிறப்புப் பெற்றதன் காரணத்தை விளக்குக.

நெடுவினா

'கருவிகள் பல, நெறி ஒன்று' – பாடப்பகுதியிலுள்ள சான்றுகளைக் கொண்டு கட்டுரைக்க.