பெயிண்ட் கடைசியில்: பழைய ஆயில் இன்ஜினை ஓட்டி விற்கும் வழி

தமிழ்நாட்டில் 1990-ல் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசமானது. அதன் பிறகு ஐந்து எச்.பி. ஆயில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாகக் கொட்டகை மூலைக்குப் போய்ச் சேர்ந்தன. கிர்லோஸ்கர் ஏவி1, ராஜ்கோட்டில் செய்த லிஸ்டர் வகை எல்லாம் இன்னும் பல ஊர்களில் கிடக்கின்றன. காயலான் கடைக்காரர் எடைபோட்டு விலை சொல்வார். அதுதான் அடிமட்ட விலை, எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். ஓடுகிற இன்ஜினுக்கோ வாய்க்காலில் இறைக்கிறவரும், மின் இணைப்புக்குக் காத்திருப்பவரும் அதைவிட நல்ல விலை தருவார்கள்.

முதலில் பிளாக்கைத் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஓடும் பகுதியில் வெடிப்பு இருந்தால் செலவு கட்டாது. பாகங்களாகப் பிரித்து விற்றுவிடலாம். பெயர்த் தகட்டைச் சுரண்டவோ அதன்மேல் பெயிண்ட் அடிக்கவோ கூடாது. எண், எச்.பி., வேகம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பிளைவீல் அசையவே இல்லையா? சைலன்சர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, பிஸ்டன் ரிங் துருவேறி லைனரோடு பிடித்திருக்கும். இன்ஜெக்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டீசலும் ஆயிலும் கலந்து அரை டம்ளர் ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாள் ஊறட்டும். பிறகு பிளைவீலை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டிப் பார்க்க வேண்டும். சம்மட்டி வேண்டாம், வார்ப்பிரும்பு பிளந்துவிடும். அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன்மேல் மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டலாம். ஆனால் பிஸ்டன் சரியாக உச்சியில் நின்றால் தட்டிப் பயனில்லை. அடி முழுக்க கிராங்குக்கு நேராகப் போகும். இன்னும் ஊற விடுவதுதான் வழி.

பிஸ்டன் விட்டுக்கொடுத்ததும், இன்ஜெக்டர் ஓட்டை திறந்திருக்கும்போதே பல சுற்றுச் சுற்றி, உள்ளே ஊற்றியதை வெளியே தள்ளிவிடுங்கள். மேலே திரவம் நின்றபடி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். கொஞ்சம் டீசல் கீழேயும் இறங்கியிருக்கும் என்பதால் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்தது கம்ப்ரஷன். இன்ஜெக்டரைத் திரும்ப மாட்டி, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்காமல் பிளைவீலைக் கையால் மெல்லத் தள்ளுங்கள். நல்ல இன்ஜின் திருப்பித் தள்ளும். ‘புஸ்’ என்று காற்று போனால் காதை வைத்துக் கேளுங்கள். ஏர் கிளீனர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். வால்வை அரைத்துச் சரிசெய்வது மலிவு. ரிங், லைனர் என்றால் லேத் பட்டறையில் அளந்து பார்த்த பிறகே பணம் போடுங்கள்.

டீசல் டேங்கின் அடியில் தண்ணீரும் சகதியும் தேங்கியிருக்கும், கழுவிவிட்டு பில்டரை மாற்றுங்கள். பழைய இன்ஜின் ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் டீசல் லைனில் உள்ள காற்றுதான் காரணம். முதலில் பில்டர் திருகு, அடுத்து பம்பு, கடைசியில் இன்ஜெக்டர் நட் என்ற வரிசையில் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விடுங்கள். நாசில் பீச்சுவதைப் பார்க்கும்போது எதிரே கையை நீட்டாதீர்கள். சுமார் 200 கிலோ அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது ஆஸ்பத்திரிக் கேஸ்.

ஸ்டார்ட் செய்யும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே ஹேண்டிலைப் பிடியுங்கள், திருப்பி அடித்தால் தப்பிக்கலாம். பக்கத்தில் ஒரு பலகை இருக்கட்டும். டீசல் பம்பின் ராக் ஒட்டிக்கொண்டு இன்ஜின் கண்மண் தெரியாமல் ஓடினால், காற்று வாயைப் பலகையால் மூடி நிறுத்த வேண்டும். கருப்புப் புகை என்றால் நாசிலையோ பாரத்தையோ கவனியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளையாகவே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் கூலிங் வழியில் படிவு அடைத்திருக்கும். எலுமிச்சை உப்புக் கரைசலை ஊற்றி ஊறவைத்துக் கழுவினால் போதும். ஓட்டும்போது பெல்ட் பக்கம் துண்டும் முந்தானையும் போகக் கூடாது. தண்ணீர் கீழே போய்விட்டது என்று இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே ஓட்டாதீர்கள். புகையில் மயங்கி, காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து செத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு கோட்டிங் பெயிண்ட் அடியுங்கள், போதும். பளபளப்பைக் கண்டால் அனுபவசாலி சந்தேகப்படுவார். ஆயில் கசிவை மறைக்கத்தான் அடித்திருக்கிறது என்பார். ஆள் வருவதற்குமுன் சூடாக்கி வைப்பதும் வேண்டாம். வந்ததும் அவர் சிலிண்டரைத் தொட்டுத்தான் பார்ப்பார். ஆறிய இன்ஜினை அவரையே சுற்றவிட்டு, பம்பில் தண்ணீர் கொட்டுவதைக் காட்டுங்கள். மாற்றிய பாகங்களின் பில்லைக் காட்டினால் பேரம் குறையும். இன்ஜின் திருட்டு கிராமங்களில் புதிதல்ல. தகட்டு எண்ணையும் தேதியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலையும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள், அது தனியாகச் சட்டென்று கிடைக்காது.