உறுதிப்பூசுதலுக்குப் பின் பிள்ளைகள் எங்கே?

எமது பங்குகளில் உறுதிப்பூசுதல் நடைபெறும் நாளில் ஆலயம் நிறைந்திருக்கும். ஆயர் வருவார், பிள்ளைகள் வெள்ளை உடுப்புடன் வரிசையில் நிற்பார்கள், பெற்றோர் கடன்பட்டாவது ஒரு சாப்பாடு வைப்பார்கள். ஆறு மாதம் சென்றபின் அதே பிள்ளைகளை ஞாயிறு திருப்பலியில் எண்ணிப் பாருங்கள். பலரைக் காணமுடியாது. வந்தவர்களிலும் பையன்கள் வாசலுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்து நிற்பார்கள். கேட்டால், "மறைக்கல்வி முடிஞ்சுதுதானே, பாதர்" என்பார்கள்.

கைத்தொலைபேசியும் கூடாத சிநேகிதமும்தான் காரணம் என்று பெற்றோர் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களைப் பொறுத்தவரை காரணம் இன்னும் ஆழமானது.

ஊரில் இருந்த காலத்தில் விசுவாசம் எப்படிக் கைமாறியது என்று நினைத்துப் பாருங்கள். தகப்பனோடு வயலுக்குப் போன பிள்ளை, விதைப்புக்கு முன் அவர் சிலுவை அடையாளம் போடுவதைக் கண்டது. புதுநெல்லில் ஒரு பங்கைக் கோயிலுக்கு எடுத்துச் செல்வதைக் கண்டது. மழை பிந்திய வருடத்தில் தாய் முழந்தாளில் நின்று செபமாலை சொல்வதைக் கேட்டது. ஒருவரும் பாடம் நடத்தவில்லை. மண்வெட்டி பிடிக்கப் பழகியபோதே கடவுளை நம்பவும் பிள்ளை பழகிக்கொண்டது.

1990இல், 1995இல், பின்னர் 2008, 2009இல் வன்னியில், காணியைவிட்டு வெளியேறியபோது இந்தப் பள்ளிக்கூடமும் கைவிட்டுப் போயிற்று. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை தன் தகப்பன் சொந்த நிலத்தில் நின்றதைக் கண்டதில்லை. பிறருடைய தோட்டத்தில் கூலி செய்து களைத்து வருகின்ற ஒரு மனிதரையே அது கண்டது. காட்டுவதற்கு நிலமில்லாத தகப்பன் மகனோடு பேசவும் கூச்சப்படுகிறார்.

ஆகவே பங்கின் இளையோர் ஒன்றியம் பொழுதுபோக்குக்குரிய ஒன்றல்ல. முன்னர் வயல் செய்த வேலையை இப்போது அது செய்யவேண்டியுள்ளது. ஆனால் பல இடங்களில் நாம் அதைப் பெருநாள் வேலைப்படையாகவே வைத்திருக்கிறோம். பந்தல், சோடனை, கதிரை அடுக்குதல், சுரூபம் தூக்குதல். இவை நல்ல வேலைகளே. எனினும், "இந்தக் கிழமை உனக்கு எப்படிப் போனது?" என்று அந்தப் பிள்ளைகளிடம் யாராவது கேட்டார்களா?

எம்மாவுஸ் பாதையில் ஆண்டவர் அப்படித்தான் தொடங்கினார் (லூக்கா 24:13-35). நம்பியிருந்தது எல்லாம் அழிந்துபோக, எருசலேமை விட்டு நடந்துகொண்டிருந்தார்கள் இரு சீடர்கள். நடந்தது அனைத்தும் அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் முதலில் கேள்வி கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கூட நடந்தார். அதன்பின்பே மறைநூலை விளக்கினார். 2018 ஒக்டோபரில் உரோமையில் இளைஞரைக் குறித்துக் கூடிய ஆயர் மன்றம் தன் இறுதி அறிக்கையை இந்நிகழ்வின் ஒழுங்கிலேயே அமைத்தது. எமது கூட்டங்களிலோ விளக்கம் முதலில் வந்துவிடுகிறது. கேள்விக்கு நேரம் இருப்பதில்லை.

கர்தினால் காடைன் காட்டிய வழி

பெல்ஜியத்தில் 1882இல் பிறந்த யோசேப் காடைன் ஓர் ஏழைத் தொழிலாளியின் மகன். குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வீடு வந்தபோது, தன்னோடு படித்த நண்பர்கள் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்து, தன்னிடமிருந்தும் திருச்சபையிலிருந்தும் தூரமாகிவிட்டதைக் கண்டார். 1903இல் தகப்பன் இறந்தபோது, தொழிலாள இளைஞருக்காகவே தன் வாழ்வைக் கொடுப்பதென உறுதிபூண்டார். அவர் 1925இல் நிறுவிய இளம் கிறிஸ்தவ தொழிலாளர் இயக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. பார், தீர்மானி, செயற்படு என்பதே அதன் முறை. திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1961இல் தமது சுற்றுமடலில் இம்முறையைத் திருச்சபை முழுவதற்கும் பரிந்துரைத்தார்.

இம்முறைக்கு மண்டபமோ பணமோ வேண்டியதில்லை. 14 முதல் 17 வயதுவரையுள்ள ஏழெட்டுப் பிள்ளைகள், ஒரு வேதாகமம், பொறுமையுள்ள ஒரு வழிகாட்டி, ஒரு மரநிழல் போதும்.

எடுத்துக்காட்டாக ஒரு குழுவை எண்ணிக்கொள்வோம். வழிகாட்டி கேட்கிறார்: "எங்கள் குடியிருப்பில் இந்தக் கிழமை பள்ளிக்கூடம் போகாதவர் யார்? ஏன்?" அன்று வேறொன்றும் இல்லை. பார்த்து வருவதுதான் வேலை. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் செய்தி கொண்டுவருகிறார்கள். வெங்காயம் கிண்டும் காலம்; பத்தாம் வகுப்புப் பையன்கள் மூவர் கூலிக்குப் போயிருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை, தாய் காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போவதால் தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நின்றிருக்கிறாள்.

பின்னர் மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையை இரண்டு தரம் வாசிக்கிறார்கள். பகல் முழுதும் சந்தைவெளியில் வேலையின்றி நிற்பவர் யார்? தோட்டக்காரர் அவரில் எதைக் கண்டார்? "அங்க நிக்கிறது எங்கட அப்பா மாதிரி" என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். அந்த இடத்தில் வழிகாட்டி வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது. பெண்களுக்கு ஏன் கூலி குறைவு என்று இன்னொரு பிள்ளை கோபத்தோடு கேட்கலாம். கேட்கட்டும். அந்தக் கோபத்துக்கு வேதாகமத்தில் இடமுண்டு.

மூன்றாவதாகச் செயல். அது சிறியதாக, அடுத்த கூட்டத்துக்கு முன் பிள்ளைகளே செய்து முடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். தவறிய பாடக்குறிப்புகளை அன்று மாலையே அப்பையன்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பது. சிறுபிள்ளைகளை முறைவைத்துப் பார்க்கும்படி மாதர் சங்கத்திடம் போய்க் கேட்பது. நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவோம் என்ற தீர்மானத்தை மட்டும் ஏற்கவேண்டாம். நிவாரணக் காலத்தில் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் எழுதிப் பழகிவிட்டோம். பிள்ளைகளாவது அதிலிருந்து தப்பட்டும்.

மறுகிழமை, செய்தார்களா, என்ன நடந்தது, தங்களுக்குள் என்ன மாறியது என்று பேசுகிறார்கள். அதிலிருந்து எழும் மன்றாட்டைப் பிள்ளைகளே எழுதி, ஞாயிறு திருப்பலியில் வாசிக்கட்டும். தன் கிழமையைத் தன் வாயாலே பீடத்தின் முன் வைத்த பிள்ளை வாசலுக்கு வெளியே நிற்பது குறையும்.

இது சமூக சேவைதானே, மறைக்கல்வி எங்கே என்று சில மறையாசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நற்செய்தியை எடுத்துவிட்டால் இது இன்னொரு கிராமச் சங்கக் கூட்டம். வாழ்க்கையை எடுத்துவிட்டால் மனப்பாடம் மட்டும் மிஞ்சும். மனப்பாடம் செய்தது பரீட்சையோடு போய்விடும் என்பதைப் பெற்றோர் அறிவீர்கள்.

கவனிக்க வேண்டியவை

போரில் அடிபட்ட பிள்ளையைத் தன் கதையைக் குழுவில் சொல்லும்படி ஒருபோதும் வற்புறுத்தக்கூடாது. தானாகச் சொன்னால் அமைதியாகக் கேளுங்கள். நித்திரையின்மை, தனிமை, சாகும் எண்ணம் போன்றவை தெரிந்தால், பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரிடமோ வைத்தியசாலைக்கோ உடனே அழைத்துச் செல்லவேண்டும். செபம் அதற்குப் பதிலல்ல, துணை.

கூட்டம் நாலுபேர் காணக்கூடிய இடத்தில், வளர்ந்தவர் இருவர் முன்னிலையில் நடக்கட்டும். பொழுதுபட முன் பெண்பிள்ளைகள் வீடு சேரவேண்டும். குருவானவருக்கும் இவ்விதி பொருந்தும்.

குழுவில் பேசியது குழுவோடு இருக்கவேண்டும். "அப்பா குடிக்கிறார்" என்று பிள்ளை அங்கே சொல்லியிருந்தால், அதைத் தெருவில் கேட்க நேர்ந்த தகப்பன் மறுபடி பிள்ளையை அனுப்பமாட்டார். ஆனால் ஒரு பிள்ளைக்கு அடியோ பாலியல் துன்பமோ நேர்கிறது என்று தெரிந்தால் அதை மறைப்பது பாவம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை உத்தியோகத்தருக்கு அறிவிக்கவேண்டும்.

குடும்பத்தில் கலந்துரையாட

உங்கள் தகப்பனிடமிருந்தோ தாயிடமிருந்தோ விசுவாசத்தை எந்த வேலையின்போது கற்றீர்கள்? அதை உங்கள் பிள்ளைக்கு எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா?

உங்கள் மகனோ மகளோ கடந்த கிழமை எதற்காகக் கவலைப்பட்டார்? தெரியாவிட்டால், இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் யார் கேட்பது?

உங்கள் குடியிருப்பில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு சனிக்கிழமை ஒரு மணி நேரம் இருக்கக்கூடிய, பேச்சைவிடக் கேட்பதில் பழக்கமுள்ள ஒருவர் யார்?